எம் ஆதி ஆசிரியை: ஹரியற் வின்ஸ்லோ அம்மையார்

கொழும்பிலாயினும் லண்டனிலாயினும் ரொறன்ரோவிலாயினும், உடுவிலில் படித்த நாம் நால்வர் கூடினால் பேச்சு எமக்குப் படிப்பித்த ஆசிரியைகளையே சுற்றி வரும். அவர்களுக்குப் படிப்பித்தவர் யார், அவருக்கும் முன்னர் யார் என்று கேட்டுக்கொண்டே போனால், அந்த வரிசை ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரிடம் போய் முடியும். எமது சங்கம் நூறாண்டு நிறைவைக் கொண்டாடும் இவ்வேளையில் அவரது வாழ்வை நினைவுகூர்வது எமது கடமையாகும்.

ஹரியற் லத்றொப் என்பது அவரது கன்னிப் பெயர். அமெரிக்காவின் கனெற்றிக்கற் மாநிலத்திலுள்ள நோவிச் நகரில் 1796ஆம் ஆண்டு பிறந்தார். படிக்க வசதியற்ற சிறுவர்களைச் சேர்த்து இளம் வயதிலேயே ஞாயிறு பாடசாலை நடத்தினார். 1819 ஜனவரியில் மைரன் வின்ஸ்லோ போதகரை மணந்து, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பொஸ்ரன் துறைமுகத்தில் கப்பலேறினார். ஸ்போல்டிங் தம்பதியரும் வைத்தியர் ஸ்கடர் தம்பதியரும் அதே கப்பலில் பயணம் செய்தனர். கல்கத்தா வழியாக இலங்கை வந்த வின்ஸ்லோ தம்பதியர் 1820இல் உடுவிலில் குடியேறினர். அப்போது அம்மையாருக்கு வயது இருபத்துநான்கு.

அக்காலத்தில் மிஷன் சங்கம் ஊழியத்துக்கு அனுப்பியது ஆண்களையே. அம்மையார் வந்தது போதகரின் மனைவியாக. வீட்டைப் பார்ப்பதும், வருவோரை உபசரிப்பதும், நோயாளரைக் கவனிப்பதும், பிள்ளைகளை வளர்ப்பதும் அவர் பொறுப்பு. அவற்றுக்கிடையே தமிழ் கற்றார். ஊர்ப் பெண் பிள்ளைகளுக்கு எழுத்தும் தையலும் சொல்லிக்கொடுக்க முயன்றார். எமது ஊரில் அது இலகுவான காரியமாக இருக்கவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடம் ஆண் பிள்ளைகளுக்கு உரியது. எழுத்தறிந்த பெண்ணை யார் மணப்பார் என்று பெற்றோர் அஞ்சினர். பிற சமயத்தாரின் வீட்டில் கை நனைத்தால் சாதி கெடும் என்ற பயமும் இருந்தது.

பாடசாலை தொடங்கிய கதையை உடுவில் பிள்ளைகள் வழிவழியாகக் கேட்டே வளர்ந்திருக்கிறோம். அம்மையாரின் விறாந்தைக்கு வந்துபோன இரு சிறுமியர் ஒரு மாலை கடும் மழையில் அகப்பட்டு வீடு திரும்ப முடியாமல் அங்கேயே தங்கினர். பசி தாங்காத இளையவள் அவர் கொடுத்ததை உண்டாள், மூத்தவள் தொடவில்லை. பிள்ளை அந்நியர் வீட்டில் உண்டுவிட்டாள் என்று தகப்பன் கொதித்தெழுந்தபோது, அவளைத் தம்மிடம் விட்டால் தாமே வளர்த்துக் கல்வி கொடுப்பதாக அம்மையார் கேட்டுக்கொண்டாராம். வாய்மொழியாக வந்த கதையில் ஆளுக்கு ஆள் சிறு மாற்றம் இருக்கலாம். ஒரு நேரச் சோறு எவ்வளவு பெரிய விடயமாக இருந்தது என்பதை அது எமக்குக் காட்டுகிறது.

1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை ஆரம்பமாயிற்று. அதற்கு முந்திய ஆண்டு வட்டுக்கோட்டையில் ஆண்களுக்கான செமினரி தொடங்கியிருந்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு, தையல், வேதாகமம் ஆகியன மாணவிகளுக்குக் கற்பிக்கப்பட்டன. படிப்பை முடிக்கும் பெண்ணுக்கு மிஷனே சிறு சீதனம் கொடுத்தது. கலியாணத்தைப் பற்றிய பெற்றோரின் கவலைக்கு அவர்கள் கண்ட மறுமொழி அது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மதம் மாற்றும் நோக்கமும் அக்கல்வியோடு சேர்ந்தே வந்தது. பிள்ளைகளின் செலவுக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயர்களே பல மாணவிகளுக்குச் சூட்டப்பட்டன. அதனால் எமது முன்னோடிகளான அப்பிள்ளைகளில் பலர் மிஷன் ஏடுகளில் ஆங்கிலப் பெயர்களோடு நிற்கின்றனர். தாய் வைத்த பெயர் அங்கு இல்லை. அம்மையாருக்கு நாம் பட்ட கடன் பெரிது. இந்தக் குறையைச் சொல்வதால் அது சிறிதாகிவிடாது.

அவரும் கொடுத்தது கொஞ்சமல்ல. புதிய அமெரிக்க மிஷனரிமார் வருவதற்குத் தேசாதிபதி பாண்ஸ் தடை விதித்திருந்தபடியால், உதவிக்குப் புதியவர் எவரும் வரவில்லை. பெற்ற பிள்ளைகளில் சிலரைச் சிறு வயதிலேயே இழந்தார். மூத்த மகன் சாள்ஸைப் படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பினார். 1832இல் அவன் அங்கேயே இறந்தான். மற்றவர்களின் பிள்ளைகளைத் தம் விடுதியில் வைத்துக் காத்த தாய், தம் பிள்ளையை மாதக்கணக்கான கடற்பயணத்துக்கு அப்பால் இழந்தார். 1833 ஜனவரி 14ஆம் திகதி, தமது முப்பத்தாறாவது வயதில், உடுவிலில் அவர் காலமானார். அவ்வாண்டில்தான் தடையும் நீங்கியது. அவரது சகோதரிகள் மூவர் மிஷனரிமாரின் மனைவியராக இத்திசைக்கு வந்தது அவரது மறைவுக்குப் பின்னரே.

வின்ஸ்லோ போதகர் 1835இல் மனைவியின் வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். 1862இல் சென்னையில் வெளிவந்த அவரது தமிழ் ஆங்கில அகராதியை அறியாத தமிழறிஞர் இல்லை. உடுவிலில் பிறந்த மகள் ஹரியற்றின் பேரன் ஜோன் பொஸ்ரர் டலஸ் பிற்காலத்தில் அமெரிக்க இராஜாங்கச் செயலாளரானார். ஆயினும் அம்மையாரின் சந்ததியை வேறொரு வழியில் எண்ணவே எமக்கு விருப்பம். அவர் பாடசாலையை நடத்தியது ஒன்பது ஆண்டுகள் மட்டுமே. அவர் விட்டுச்சென்ற பிள்ளைகளை ஸ்போல்டிங் தம்பதியர் ஏற்றனர். 1840இல் வந்த எலைசா அக்னியூ அம்மையார் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவ்வேலையைத் தொடர்ந்தார். அங்கு படித்தவர்கள் ஆசிரியைகளாகி வேறு ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தனர். அந்த வரிசையில் கடைசியில் நிற்பவர்கள் நாம்.

இம்மலரை வாசிக்கும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்துப் பழைய வேதாகமத்திலோ, உறுதிகளிலோ, கல்லறைக் கல்லிலோ, வயது முதிர்ந்தோரின் நினைவிலோ உடுவிலில் படித்த ஒரு பூட்டியின் தமிழ்ப் பெயர் இருந்தால் அதை எழுதிச் சங்கத்துக்கு அனுப்பி வையுங்கள். ஆசிரியையின் பெயர் எமக்குத் தெரியும். அவரது மாணவிகளின் பெயர்களையும் தேடி எழுதி வைப்பது அவருக்கு நாம் செய்யும் நல்ல மரியாதையாகும்.