திரைக்குள் துள்ளிய பந்து

குட்டீஸ்! மரக்காணம் உப்பளத்துப் பக்கம் மணலில் பந்து விளையாடியது உண்டா? இறுகிய தரையில் பட்ட பந்து துள்ளித் துள்ளி, உயரம் குறைந்து, கடைசியில் நின்றுவிடும் அல்லவா? அதே பந்தைத் திரைக்குள் துள்ள வைத்தவர்தான் விஞ்ஞானி வில்லியம் ஹிகின்பாதம்.

1910-ல் அமெரிக்காவில் பிறந்த இவர், இயற்பியல் படித்தார். இரண்டாம் உலகப் போரின்போது, முதல் அணுகுண்டை உருவாக்கிய லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் மின்னணுப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். 1945-ல் ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்தன. அணு ஆயுதங்களுக்குக் கடிவாளம் போட வேண்டும் என்று, மற்ற விஞ்ஞானிகளுடன் சேர்ந்து ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார்.

பிறகு புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் வேலை. அங்கே ஆண்டுதோறும் பொதுமக்கள் சுற்றிப் பார்க்க வருவார்கள். அவர்களுக்குச் சலிப்பு தட்டாமல் இருக்க என்ன செய்யலாம்? ஆய்வுக்கூடத்துக் கணிப்பொறியின் கையேட்டில், ஏவுகணையின் பாதையையும் துள்ளும் பந்தின் பாதையையும் வரைந்து காட்டும் முறை இருந்தது. ஹிகின்பாதம் பந்தைத் தேர்ந்தெடுத்தார்!

1958 அக்டோபரில் 'இருவர் டென்னிஸ்' தயார். 5 அங்குலத் திரையில் ஓர் ஒளிப்புள்ளிதான் பந்து. குமிழைத் திருப்பி, பொத்தானை அழுத்தினால் வலையைத் தாண்டிப் பறக்கும். விளையாட நீண்ட வரிசை!

அவர் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. பின்னாளில் 'பாங்' (1972), 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' (1978), 'பேக்-மேன்' (1980) எனக் காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டுகள் உலகைக் கலக்கின. ஹிகின்பாதமோ அணு ஆயுதப் பரவலைத் தடுக்கவே பாடுபட்டு, 1994-ல் மறைந்தார். அந்தப் பணிக்காகவே தன்னை நினைக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

அடுத்த முறை வீடியோ கேம் ஆடும்போது, அதையும் நினைத்துக்கொள்வீர்கள்தானே?