மருந்து தேடிப்போன சுப்பாராவ்

ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் 1895 ஜனவரியில் பிறந்தவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். ஏழைக் குடும்பம். சிறுவனாக இருந்தபோது, காசி யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகிவிடலாம் என்று வீட்டைவிட்டே புறப்பட்டார். தாயார் விடவில்லை, பிடித்து வந்து பள்ளிக்கு அனுப்பினார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, சென்னைக்கு வந்து மூன்றாம் முறைதான் தேறினார். தேர்வென்றால் நடுங்கும் தோழியர் இதைக் கவனிக்க!

சென்னை மருத்துவக் கல்லூரியில் காந்தியடிகளின் சொற்கேட்டுக் கதர் உடுத்தினார். அறுவைச் சிகிச்சைப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. இதற்கிடையில் ஸ்புரூ என்னும் குடல்நோய் அவருடைய சகோதரர் இருவரைச் சில நாள் இடைவெளியில் கொண்டுபோயிற்று. உண்ட உணவு உடலில் ஒட்டாது, இரத்தம் குன்றும். அன்று அதற்குச் சரியான மருந்தில்லை.

இளம் மனைவி சேஷகிரியைப் பிரிந்து கப்பலேறி, 1922 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். ஹார்வர்டில் படித்துக்கொண்டே, செலவுக்காக மருத்துவமனையில் இரவெல்லாம் நோயாளிகளின் மலப்பாத்திரம் எடுத்தார். பின்பு உயிர் வேதியியல் துறையில் ஃபிஸ்க் என்பவரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார்.

இருவரும் 1925-இல் இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை நீலநிறத்தைக் கொண்டு அளக்க வழி கண்டார்கள். அதே முறையைத் தசைச் சாற்றில் செய்தபோது நீலம் உடனே வராமல் மெல்ல மெல்ல ஏறியது. வேறொருவராயிருந்தால் சோதனை கெட்டுவிட்டது என்று கொட்டியிருப்பார். இவர்களோ, எளிதில் உடையும் ஏதோவொரு பொருளில் பாஸ்பரஸ் கட்டுண்டிருக்கிறது என்று ஊகித்தார்கள். 1927-இல் வெளிவந்த பாஸ்போகிரியேட்டின் அதுதான். தசை சுருங்க ஆற்றல் தரும் ஏ.டி.பி.யையும் 1929-இல் பிரித்தெடுத்தார்கள். ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதே ஆண்டில் தனியே கண்டார். சுப்பாராவுக்கு டாக்டர் பட்டம் வந்தது 1930-இல்!

ஆயினும் ஹார்வர்டில் நிலையான பதவி தரவில்லை. 1940-இல் லெடர்லி மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். அவர் தலைமையில் இயங்கிய குழு 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்புரூ நோயாளிகளின் இரத்தசோகைக்கு அது கண்கண்ட மருந்தாயிற்று; சகோதரர்கள் மறைந்து ஏறக்குறைய கால் நூற்றாண்டாகியிருந்தது. யானைக்கால் நோய்க்கான ஹெட்ராசானும் அக்கம்பெனியில் அவர் காலத்தில் பிறந்ததே. நம் ஊர்களில் வீடுவீடாகக் கொடுத்த மாத்திரை அதுதான்.

சேஷகிரி அம்மையாரின் நினைவுதான் எனக்கு வருத்தமளிக்கிறது. கணவர் திரும்பி வரவேயில்லை. உலகம் மருந்து பெற்றது. அவர் பெற்றது காத்திருப்பு மட்டுமே.

ஃபோலிக் அமிலத்தை எதிர்க்கும் அமினோப்டெரினை அவரது குழுவினர் தயாரித்து, பாஸ்டனில் குழந்தை நோய்க்குறியியல் மருத்துவர் ஃபார்பருக்கு அனுப்பினார்கள். இரத்தப் புற்றுநோய் கொண்ட குழந்தைகள் சிலர் தற்காலிகமாகத் தேறியதை ஃபார்பர் 1948 ஜூனில் வெளியிட்டார். அவ்வாண்டு ஆகஸ்டில், 53-ஆம் வயதில், சுப்பாராவ் உறக்கத்திலேயே காலமானார்.