புக்கிட் சிடிமை வாங்கிய பத்து வெள்ளி

கூலிம் என்றதும் இன்றைய மாணவர்களின் நினைவுக்கு முதலில் வருவது உயர் தொழில்நுட்பப் பூங்காதான். அங்குள்ள தொழிற்சாலைகளில் பயிற்சி பெறும் பொறியியல் மாணவர்களில், தாத்தாவும் பாட்டியும் கெடா தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள் என்று சொல்லக்கூடியவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். இவர்கள் நாளை வேலைக்குச் சேர்ந்ததும் ஏதேனும் ஒரு சங்கத்தில் உறுப்பினராவார்கள். அது 1959இல் உருவான மலேசியப் பொறியியலாளர் கழகமாக இருக்கலாம், தொழிற்சங்கமாகவோ கூட்டுறவுச் சங்கமாகவோ இருக்கலாம். ஒருநாள் கைக்கு வாக்குச்சீட்டு வரும். வேட்பாளர்களின் படங்கள், பட்டங்கள், வகித்த பதவிகள், ஒரு பக்க வாக்குறுதி எல்லாம் கூடவே வரும். யாருக்கு வாக்களிப்பது?

இதே கேள்வி 1960களின் தொடக்கத்தில் கெடா தோட்ட மக்களின் முன் வேறு வடிவில் வந்து நின்றது. அவர்களிடம் வாக்குச்சீட்டு நீட்டப்படவில்லை. பத்து வெள்ளி கேட்கப்பட்டது. கேட்டவர் துன் வீ.தி. சம்பந்தன்.

அவர் தோட்டக்காட்டுக்கு அந்நியர் அல்ல. ஆனால் லயன் வீட்டில் பிறந்தவரும் அல்ல. தந்தை வீராசாமி 1896இல் மலாயாவுக்கு வந்து, உழைத்து முன்னேறி, பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் சொந்தமாக ரப்பர் தோட்டம் வைத்திருந்தவர். ஆங்கிலேயர்கள் துரைகளாக வீற்றிருந்த காலத்தில் ஓர் இந்தியர் தோட்ட முதலாளியாவது அபூர்வம். 1919 ஜூன் 16ஆம் நாள் சம்பந்தன் பிறந்தார். கோலகங்சார் கிளிஃபர்டு பள்ளியில் படித்து, பிறகு தமிழ்நாட்டின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஜப்பானியர் மலாயாவைப் பிடித்த ஆண்டுகள் முழுவதும் அவர் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. காந்தியடிகளின் தாக்கமும் சுதந்திரப் போராட்டத்தின் சூடும் அங்கேதான் அவரைப் பற்றிக்கொண்டன.

போர் முடிந்து திரும்பியபோது ஊர் மாறியிருந்தது. சயாம் மரண ரயில்பாதைக்குப் போன தோட்டத் தொழிலாளர்களில் ஆயிரக்கணக்கானோர் திரும்பவே இல்லை. 1948 ஜூன் 16ஆம் நாள், அதாவது சம்பந்தனின் 29ஆவது பிறந்தநாளன்று, சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஆங்கிலேயத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து வந்த அவசரகாலம் பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. தீவிரத் தொழிற்சங்கங்கள் நொறுக்கப்பட்டன. தோட்ட மக்களுக்காகக் குரல் கொடுப்பதே ஆபத்தான வேலையாயிற்று. அந்தச் சூழலில் சம்பந்தன் தொட்ட முதல் பெரிய காரியம் பள்ளிக்கூடம். சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை எழுந்தது. 1954இல் அதைத் திறந்து வைத்தவர் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட்.

மறு ஆண்டுதான் அவர் வாழ்வின் முதல் பெரிய தலைமைத் தேர்தல் வந்தது. 1946இல் ஜான் திவி தொடங்கிய மலாயா இந்தியர் காங்கிரஸ் அதற்குள் நான்கு தலைவர்களைப் பார்த்துவிட்டது. படித்த, பட்டணத்து, ஆங்கிலம் பேசும் வட்டத்தின் செல்வாக்கே கட்சியில் ஓங்கியிருந்தது. அப்போது தலைவராக இருந்த கே.எல். தேவாசர் கோலாலம்பூரைச் சேர்ந்தவர், ஆற்றல் மிக்கவர். கட்சியை 1954இல் கூட்டணிக்குள் கொண்டுபோனவரும் அவரே. ஆனால் மலாயா இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களில் பெரும்பகுதி தோட்டத் தொழிலாளர்கள். பெரட்டுக்களத்தில் விடியற்காலையில் நின்று பேர் கொடுக்கும் மனிதருக்கும் கட்சிக் கூட்டத்தில் ஆங்கிலத்தில் தீர்மானம் முன்மொழியும் மனிதருக்கும் இடையே பாலம் இல்லை. 1955 மே மாதம் சம்பந்தன் தலைவரானார். அவர் வந்தபின் கட்சி தோட்டப்புறத்தை நோக்கித் திரும்பியது. கிளைக் கூட்டங்களில் தமிழ் ஒலித்தது, உறுப்பினர் எண்ணிக்கை பெருகியது.

பதவியேற்று இரண்டே மாதத்தில், ஜூலை 27ஆம் நாள், நாட்டின் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. 52 இடங்களில் 51ஐக் கூட்டணி வென்றது. அந்தத் தேர்தலில் வாக்குரிமை பெற்றிருந்த இந்தியர்கள் மிகச் சிலரே என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். கின்தா உத்தாராவில் சம்பந்தன் வென்றது பெரும்பாலும் பிற இனத்தவரின் வாக்குகளால்தான். பின்னாளில் அவருடைய அரசியல் பாணியைப் பலர் மென்மையானது என்று குறை சொன்னார்கள். அந்த மென்மையின் வேர் இந்தக் கணக்கில் இருக்கிறது என்பது என் கருத்து. துங்கு அப்துல் ரஹ்மானின் அமைச்சரவையில் முதலில் தொழிலாளர் துறை, அடுத்து சுகாதாரம், 1959 முதல் பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு என்று துறைகள் அவரிடம் வந்தன. பொறியியல் மாணவர்களுக்கு ஒரு செய்தி: இந்நாட்டில் பொறியியலாளர்களைப் பதிவு செய்யும் சட்டம் 1967இல் இயற்றப்பட்டபோது பொதுப்பணி அமைச்சராக இருந்தவர் சம்பந்தன். நாளை நீங்கள் உங்கள் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளப்போகும் தகுதி அந்தச் சட்டத்தின் வழியாக வருவதுதான்.

இனி கெடாவுக்கு வருவோம்.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டு ஊர் திரும்பத் தொடங்கினார்கள். இரண்டாயிரம், மூவாயிரம் ஏக்கர் தோட்டத்தை மொத்தமாக வாங்க ஆள் கிடைப்பது அரிது. அதனால் இடைத்தரகர்கள் வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, சிறு முதலாளிகளுக்கு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதியது இதைத்தான். நூறு ஏக்கருக்குக் குறைந்த நிலம் கணக்கில் தோட்டமே ஆகாது, அது சிறுதோட்டம். பத்து, இருபது ஏக்கர் வாங்கியவருக்கு நிரந்தரத் தொழிலாளி தேவையில்லை. குடும்பத்தோடு தானே வெட்டிக்கொள்வார், அல்லது குத்தகைக்கு விடுவார்.

ஒரு தோட்டம் துண்டானால் என்ன போகும் என்று யோசித்துப் பாருங்கள். வேலை போகும். வேலையோடு வீடும் போகும். லயன் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். ஆயக்கொட்டகை, மருந்தகம், தண்ணீர்க் குழாய், கோயில், தமிழ்ப்பள்ளி என்று எல்லாமே தோட்ட நிலத்தில் நின்றவை. மூன்று தலைமுறை வாழ்ந்த இடத்தில் ஒரு சாண் மண்ணும் அவர்கள் பேரில் இல்லை. மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் உங்கு அசீஸ் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து தனி அறிக்கையே எழுதினார். அந்த அளவுக்கு அது நாட்டுப் பிரச்சினை ஆகியிருந்தது. கூலிம், லூனாஸ், பீடோங், சுங்கைப்பட்டாணி என்று ரப்பரை நம்பியிருந்த கெடா ஊர்களின் தோட்ட மக்கள், தங்கள் தோட்டத்துக்கு எப்போது விலை பேசப்படுமோ என்ற பயத்தோடு மரம் வெட்டினார்கள்.

தீர்வு என்ன? துண்டாடலைச் சட்டத்தால் தடுக்கலாம் என்றனர் சிலர். போராட்டம் நடத்தலாம் என்றனர் வேறு சிலர். சம்பந்தன் சொன்னது கேட்பதற்கே விபரீதமாக இருந்தது: தோட்டத்தை விற்கிறார்கள் என்றால், நாமே வாங்கிவிடுவோம்.

1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திப் பங்குதாரர் ஆகலாம். பத்து வெள்ளி இன்று ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. அன்று நாள் கூலியோ சில வெள்ளிகள்தான். கடைப்பற்று, பிள்ளைகளின் பள்ளிச் செலவு, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் எல்லாம் போக மிஞ்சுவது சொற்பம். அதிலிருந்து பத்து வெள்ளியை எடுத்து, முகம் தெரியாத ஒரு சங்கத்தில் போடு என்றால் யார் போடுவார்? தாளில் ஒரு குறி போடுவது எளிது. தவறாகப் போட்டாலும் பையிலிருந்து ஒன்றும் போகாது. பத்து வெள்ளி அப்படியல்ல. அதுவே உண்மையான வாக்கு என்று நான் சொல்வேன்.

அமைச்சராக இருந்தவர் அந்த வாக்கைக் கேட்டுத் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினார். மனைவி தோ புவான் உமா சுந்தரியும் கூடச் சென்றார். தொழிலாளர்களிடம் சொல்ல வேண்டியிருந்தது கணக்குதான். பத்தாயிரம் பேர் ஆளுக்குப் பத்து வெள்ளி போட்டால் ஒரு லட்சம். அதுவும் போதாது, இன்னும் ஆள் வேண்டும், இன்னும் பல மாதம் போட வேண்டும். இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் 1844இல் ஏழைத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தங்களுக்கென ஒரு மளிகைக்கடையைத் திறந்தார்கள். உலகக் கூட்டுறவு இயக்கம் அங்கிருந்துதான் கிளைத்தது. பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரே வாக்கு என்பது அவர்கள் வகுத்த நெறி. அவர்கள் வாங்கியது மாவும் வெண்ணெயும் சர்க்கரையும். நம்மவர்கள் வாங்க நினைத்ததோ ஒரு முழுத் தோட்டம்.

1961இல் வாங்கியும் விட்டார்கள். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம், பரப்பு 2,959 ஏக்கர். நில நிதிச் சங்கத்தின் முதல் சொத்து அதுவே. சஞ்சிக்கூலி என்று ஏளனமாகப் பேசப்பட்ட மக்களின் பணத்தில், வெட்டிய மரம் வெட்டியவரின் பேரிலும் ஒரு துளி சேர்ந்தது. பெரட்டு அதே நேரத்துக்குத்தான் நடந்தது. மங்கு அதே மங்குதான், வேலையும் குறையவில்லை. ஆனால் தோட்டம் துண்டாகவில்லை.

இவ்வளவும் செய்தவரின் கட்சித் தலைமை அமைதியாக ஓடியது என்று எண்ண வேண்டாம். அவருடைய தலைமையில் தோற்ற காரியங்களும் உண்டு. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றது. 1969க்குப் பிறகு அது கடுமையாக அமலானபோது, குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமலே வாழ்நாளைத் தோட்டத்தில் கழித்திருந்த பல்லாயிரம் தமிழர்கள் வேலையிழந்து கப்பலேறினார்கள். பினாங்குத் துறைமுகத்தில் குடும்பங்கள் பிரிந்த கதைகளை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கலாம். அமைச்சரவையில் இருந்த கட்சியால் அதைத் தடுக்க முடியவில்லை. மக்களைக் குடியுரிமை எடுக்கச் செய்வதில் கட்சி இன்னும் வேகம் காட்டியிருக்க வேண்டும் என்ற குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட முடியாது.

கட்சிக்குள்ளும் அணிகள் முளைத்தன. துணைத்தலைவர் வெ. மாணிக்கவாசகத்தின் பக்கம் ஆதரவு திரண்டது. பதினெட்டு ஆண்டுகள் ஒருவரே தலைவர் என்றால் அடுத்த தலைமுறை பொறுமை இழப்பது இயல்பு. சம்பந்தன் இன்னும் சில ஆண்டுகள் முன்னதாகவே விலகியிருக்கலாம் என்று நினைப்பவர்களில் நானும் ஒருவன். கடைசியில் பிரதமர் துன் ரசாக் தலையிட, 1973இல் அவர் தலைமையை விட்டு இறங்கினார். போட்டியைக் கடைசி வாக்குவரை இழுத்துக் கட்சியை உடைக்கவில்லை. மறு ஆண்டுப் பொதுத்தேர்தலில் சுங்கை சிப்புட் தொகுதியும் கைமாறியது. அங்கு நிறுத்தப்பட்டவர் ச. சாமிவேலு என்னும் கட்டடக் கலைஞர்.

அரசியலில் நுழைந்தபோது சம்பந்தன் வசதி படைத்தவர். தந்தை விட்டுச்சென்ற நிலத்தில் ஒரு பகுதி பொதுக்காரியங்களுக்காகவே கரைந்தது.

பதவிகள் போனபின் அவருக்கு மிச்சமிருந்தது கூட்டுறவுச் சங்கம்தான். தோட்டக் கணக்கும் விளைச்சலும் பங்குதாரர் கூட்டமுமாக அந்த ஆண்டுகள் கழிந்தன. நிர்வாகத்தைத் தோள்கொடுத்துச் சுமந்தவர் கே.ஆர். சோமசுந்தரம். 1979 மே 18ஆம் நாள், அறுபது வயது நிறைய ஒரு மாதம்கூட இல்லாத நிலையில், சம்பந்தன் காலமானார். அப்போது அவர் அமைச்சர் இல்லை, நாடாளுமன்ற உறுப்பினர் இல்லை, கட்சித் தலைவரும் இல்லை. 1980களில் நில நிதிச் சங்கத்திடம் 19 தோட்டங்கள் இருந்தன. உறுப்பினர்கள் 85,000 பேர்.