பாட்டோடு வந்த முதல் படம் – அர்தேஷிர் இரானி

நம்ம கீழ்பென்னாத்தூர்ல கல்யாணம்னாலும் திருவிழான்னாலும் முதல்ல வந்து நிக்கிறது மைக் செட்டுதான். அதில் போடுற சினிமாப் பாட்டை இந்தியாவில் தொடங்கி வைத்தவர் யார் தெரியுமா நண்பர்களே? அர்தேஷிர் இரானி.

இவர் 5.12.1886 அன்று புனேயில் பிறந்தார். கொஞ்ச நாள் பள்ளிக்கூட வாத்தியார், கொஞ்ச நாள் மண்ணெண்ணெய் இன்ஸ்பெக்டர். பிறகு அப்பாவின் இசைக்கருவி வியாபாரம். கடைசியில் சினிமா ஆசை பிடித்துக்கொண்டது. 1926-ல் பம்பாயில் இம்பீரியல் பிலிம் கம்பெனியைத் தொடங்கினார். அப்போ எல்லாமே ஊமைப் படம்தான்.

'ஷோ போட்' என்ற அமெரிக்கப் படத்தில் பேச்சும் பாட்டும் கேட்டதும் இவருக்குத் தூக்கம் போச்சு. ஒரு மேடை நாடகக் கதையை எடுத்து, உருதுவும் இந்தியும் கலந்த மொழியில் 'ஆலம் ஆரா' படத்தை ஆரம்பித்தார். ஸ்டுடியோ பக்கத்திலேயே ரயில் பாதை! ரயில் சத்தம் பதிவாகிவிடும் என்பதால் ராத்திரியில்தான் ஷூட்டிங். ஒலிப்பதிவு மெஷினுக்காக வந்த அமெரிக்க இன்ஜினீயர் தினம் 100 ரூபாய் கேட்டார். கட்டுப்படியாகவில்லை. இரானி தானே அந்த வேலையைக் கற்றுக்கொண்டு செய்தார்.

படத்தில் 7 பாட்டு. இப்போ மாதிரி பின்னணிப் பாடகர் கிடையாது. நடிக்கிறவரே பாடணும், ஆர்மோனியம், தபேலாக்காரர்கள் கேமராவுக்குத் தெரியாமல் ஒளிந்துகொண்டு வாசிக்கணும். பக்கிரி வேஷத்தில் டபிள்யூ.எம்.கான் பாடியதுதான் ரொம்பப் பிரபலம். 14.3.1931 அன்று பம்பாய் மெஜஸ்டிக் தியேட்டரில் படம் வந்தது. கூட்டத்தை அடக்கப் போலீஸ் வந்ததாம். 4 அணா டிக்கெட்டை 4, 5 ரூபாய்க்கு விற்றார்களாம்!

நமக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கிறீங்களா? முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' இவர் கம்பெனியில் எடுத்ததுதான். இயக்கியவர் எச்.எம்.ரெட்டி. கதாநாயகி திருவையாறு டி.பி.ராஜலட்சுமி. அவர் தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்வார்! ஆனாலும் பாட்டுக்காகவே ஜனங்க பார்த்தாங்க. 31.10.1931 அன்று சென்னையில் வெளிவந்தது.

1933-ல் முதல் பாரசீகப் பேசும் படம், 1937-ல் 'கிசான் கன்யா' என்ற கலர் படம் என்று விடாமல் எடுத்தார். 14.10.1969 அன்று காலமானார்.

வருத்தமான விஷயம் ஒன்று. 'ஆலம் ஆரா' படச்சுருள் ஒன்றுகூட இன்று இல்லை. அதன் பாட்டுகள் இசைத்தட்டாகவும் வரவில்லை. 'காளிதாஸ்' படமும் போய்விட்டது. 'ஆலம் ஆரா'வுக்கு மிஞ்சியது சில போட்டோக்கள்தான். அதில் பாட்டு கேட்காதே.