விறகுக்கட்டைத் தூக்கிவிட்ட சிறுவன்

கொங்கணத்தில் ஒரு சிற்றூர். மகர் சாதியைச் சேர்ந்த வயதான பெண் ஒருவர் சுமந்து வந்த விறகுக்கட்டு கீழே விழுந்துவிடுகிறது. தனியாளாய்த் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ள அவருக்குத் தெம்பில்லை. தொட்டால் தீட்டு என்று ஊர் ஒதுங்கி நிற்கிறது. அப்போது ஒரு பிராமணத் தாய் தன் மகனை அனுப்பி, அந்தக் கட்டைத் தூக்கிவிடச் சொல்கிறார். வீட்டுக்கு வந்ததும் குளித்துக்கொண்டால் போயிற்று என்றும் சொல்லி அனுப்புகிறார்.

'ஷ்யாம்சி ஆயி', அதாவது ஷ்யாமின் தாய், என்ற மராத்திப் புத்தகத்தில் வரும் சம்பவம் இது. எழுதியவர் பாண்டுரங் சதாசிவ் சானே. மராட்டியத்தில் சிறுபிள்ளைக்கும் அவர் சானே குருஜிதான். இதைப் படிக்கும்போது நாம் இரண்டு இடத்தில் நின்றுவிடுகிறோம். ஒன்று, மகனை அனுப்பிய அந்த மனசு. மற்றொன்று, அந்தக் குளியல். தாயன்புக் கதை என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறவர்கள் குளியலைத் தாண்டிப் போய்விடக் கூடாது. எழுதியவர் அதை மறைக்கவில்லை. தன் தாயின் நல்ல மனசு எதுவரை போனது, எங்கே நின்றது என்பதை அவரே காட்டிவிட்டார். அவரை இந்தப் பத்திக்குக் கொண்டுவர அது ஒன்றே நமக்குப் போதும்.

சானே பிறந்தது 1899 டிசம்பர் 24. ஊர், ரத்னகிரி மாவட்டத்தின் பால்கட். ஒரு காலத்தில் வசதியாக இருந்த குடும்பம் கடனில் விழுந்தது. தாய் யசோதாபாய் இல்லாமையை மானத்தோடு தாங்கியவர். மகன் தாபோலி, அவுந்து, புனே என்று ஊர் ஊராகப் போய்ப் படித்தார். 1917-ல் தாய் இறந்தபோது அவர் பக்கத்தில் இல்லை. அந்த வலி கடைசி வரை அவரை விடவில்லை. அவர் எழுத்தின் ஊற்று எது என்று கேட்டால், அந்தக் கடைசிப் பார்வை கிடைக்காமல் போனதைத்தான் சொல்ல வேண்டும்.

எம்.ஏ. முடித்து, கான்தேசப் பகுதியின் அமள்நேர் ஊரில் பிரதாப் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியரானார். விடுதிப் பொறுப்பும் அவருடையதே. பையன்கள் மடிக்காமல் போட்டுவிட்டுப் போன படுக்கையை அவர் மடித்து வைப்பார். அழுக்குத் துணியைத் துவைத்துப் போடுவார். காய்ச்சலில் கிடக்கும் பையன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வார். திட்டுவதில்லை. வெட்கப்பட்ட பையன்கள் மறுநாள் தாங்களே மடித்தார்கள். மாணவர்களுக்காக 'வித்யார்த்தி' என்றொரு பத்திரிகையும் நடத்தினார். விடுதியில் தங்கிப் படித்த நம் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு காப்பாளர் எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை.

1930-ல் உப்புச் சத்தியாகிரகம் வந்தது. வேலையை விட்டுவிட்டுப் போராட்டத்தில் இறங்கிச் சிறைக்குப் போனார். துலே சிறையிலிருந்து அவரைக் கொண்டுவந்து அடைத்த இடம் நம் திருச்சி. அங்கே தென்னாட்டுக் கைதிகளோடு பழகினார். பக்கத்தில் படுத்திருப்பவன் பேசும் மொழி தனக்குத் தெரியவில்லையே என்ற குறை அவருக்குள் பெரிதாக வளர்ந்தது. இந்திய மொழிகளெல்லாம் ஒன்றையொன்று கற்க வேண்டும் என்று பின்னாளில் அவர் பேசிய 'ஆந்தர் பாரதி' கனவுக்கு வித்து அந்தச் சிறைதான். திருக்குறளை மராத்திக்குக் கொண்டுபோனவரும் இவரே. தமிழ் படித்த நமக்கே இது வெகு காலம் தெரியாமல் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். 1932-ல் மறுபடி துலே சிறை. வினோபா ஞாயிறுதோறும் கீதை பற்றிப் பேச, அதை எழுதி வைத்தவர் சானே.

'ஷ்யாம்சி ஆயி' பிறந்தது நாசிக் சிறையில், 1933 பிப்ரவரியில். பகலில் சிறை வேலை, இரவில் எழுத்து. ஐந்தே நாளில் முடித்தார். ஷ்யாம் என்பவன் ஒவ்வோர் இரவும் நண்பர்களிடம் தன் தாயைப் பற்றிச் சொல்வதாகக் கதை போகும். கிணற்றில் நீந்தப் பயந்து ஒளிந்துகொண்ட மகனை அடித்து விரட்டிய தாய், குளித்த காலில் மண் ஒட்டாமலிருக்கத் தன் சேலையை விரித்த தாய் என்று நம் வீட்டிலும் நடந்திருக்கக் கூடிய காரியங்கள். பெரிய வார்த்தை ஒன்றும் கிடையாது.

அதே நாசிக்கில்தான் 1930 மார்ச்சில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் காளாராம் கோயில் நுழைவுப் போராட்டம் தொடங்கியது. ஆண்டுக்கணக்கில் நடந்தும் கதவு திறக்கவில்லை. 1935-ல் இயோலாவில், இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அண்ணல் அறிவித்தார். கோயில் வாசலில் காத்து நிற்பதை அவர் மக்கள் அன்றே விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பதினோராண்டு கழித்து, 1946-ல், சானே குருஜி பண்டரிபுரம் விட்டல் கோயிலைத் திறக்கச் சொல்லிக் கிளம்பினார். மாதக்கணக்கில் ஊர் ஊராய்ப் போய்க் கிணற்றையும் கோயிலையும் திறந்துவிடும்படி சாதி இந்துக்களிடம் மன்றாடினார். பண்டரிபுரம் பூசாரிகள் அசையவில்லை. 1947 மே 1-ஆம் தேதி அங்கேயே சாகும்வரை உண்ணாவிரதம் உட்கார்ந்தார். காந்தியடிகளே வேண்டாம் என்று தடுத்தும் எழவில்லை. பத்து நாள் ஆனது. மாவ்லங்கர் போன்றவர்கள் நடுவில் நின்று பேசி, கோயிலைத் திறக்கப் பூசாரிகள் சம்மதித்த பிறகே முடித்தார்.

இது காலம் கடந்த காரியம் என்று சொல்வோர் நம்மிலேயே உண்டு. சாமி கும்பிட அனுமதி வாங்கித் தருவதா விடுதலை என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. நிலத்தையும் கூலியையும் அந்த உண்ணாவிரதம் தொடவில்லை. ஆனால் அவர் பட்டினி கிடந்தது தன் சாதியாரின் மனசாட்சிக்கு எதிராக. அதை நாம் குறைத்துப் பேசமாட்டோம். மகர் சாதியில் பிறந்த பக்திக் கவிஞர் சோகாமேளா உள்ளே விடப்படாமலே வாழ்ந்து மறைந்தவர். அவர் சமாதி அந்தக் கோயிலின் வாசலில் இருக்கிறது. அவருடைய மக்கள் அதைத் தாண்டி உள்ளே போக 1947 வரை ஆயிற்று.

சுதந்திரத்துக்குப் பின் அவர் மனம் மிகவும் நொந்துபோனது. காந்தி கொலையுண்டதும் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தார். 1948 ஆகஸ்ட் 15-இல் 'சாதனா' வார இதழைத் தொடங்கினார். 1950 ஜூன் 11 அன்று தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது ஐம்பது. எத்தனையோ பையன்களின் தலைமாட்டில் விழித்திருந்தவர் பக்கத்தில் அன்று யாரும் இல்லாமல் போனார்களே என்பது நமக்கு ஆறாத வருத்தம்.

ஆச்சார்ய ஆத்ரே 1953-ல் 'ஷ்யாம்சி ஆயி'யைப் படமாக்கினார். தேசியத் திரைப்பட விருதுகள் தொடங்கிய முதல் ஆண்டில் தங்கப் பதக்கம் அதற்குத்தான் கிடைத்தது. 'சாதனா' இன்றும் புனேயிலிருந்து வந்துகொண்டிருக்கிறது.