ஊரை இடிக்காமல் நோயை விரட்ட முடியுமா? மதுரைக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர் பேட்ரிக் கெடிஸ் யார்?

ஒரே ஊர்தான். ஒரு தெருவில் இருப்பவருக்கு அடிக்கடி காய்ச்சல், வயிற்றுப்போக்கு. நாலு தெரு தள்ளி இருப்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஏன் இப்படி? இன்றைக்குப் பொது சுகாதார ஆய்வாளர்கள் வரைபடமும் கணினியும் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வி இது. நூறு வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியோடு சந்து சந்தாக நடந்தே போய்ப் பார்த்தவர் ஒருவர் உண்டு. அப்படி அவர் வந்த ஊர்களில் மதுரையும் ஒன்று.

அவர் பெயர் பேட்ரிக் கெடிஸ். டாக்டரும் இல்லை, இன்ஜினியரும் இல்லை, தாவரவியல் பேராசிரியர்!

யார் இந்த கெடிஸ்?

1854 அக்டோபர் 2-ம் தேதி ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்ற சிற்றூரில் பிறந்தார். லண்டனில் புகழ்பெற்ற உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லியிடம் படித்தார். ஆனால் பட்டம் எதுவும் வாங்கவில்லை. 1879-ல் ஆய்வுக்காக மெக்சிகோ போனபோது கண் பார்வை சில காலம் மங்கிப்போனது. மைக்ராஸ்கோப்பில் வாழ்க்கையை ஓட்ட முடியாது என்று ஆனபிறகுதான் அவருடைய கவனம் ஊர்கள், மனிதர்கள் பக்கம் திரும்பியது.

1886-ல் அன்னா மார்ட்டனைத் திருமணம் செய்தார். அடுத்து தம்பதி செய்ததுதான் ஆச்சரியம். எடின்பரோவின் பழைய நகர்ப்பகுதியில், வசதியானவர்கள் காலி செய்துவிட்டுப் போன நெரிசலான ஜேம்ஸ் கோர்ட் குடியிருப்பில் போய்க் குடியேறினார்கள். அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு சுவருக்கு வெள்ளையடித்தார்கள், முற்றத்தைச் சுத்தம் செய்தார்கள், ஜன்னலில் பூச்செடி வைத்தார்கள். ரொம்பப் பாழான கட்டடங்களை மட்டும் எடுத்துவிட்டு, வெளிச்சமும் காற்றும் வர வழி செய்தார்கள். பின்னாளில் இந்தியா முழுக்க அவர் சொன்ன வைத்தியத்துக்கு ஒத்திகை இங்கேதான் நடந்தது.

எம்டன் மூழ்கடித்த கண்காட்சி

அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் லார்ட் பென்ட்லண்ட். அவருடைய அழைப்பின் பேரில் 1914-ல் கெடிஸ் இந்தியா வந்தார். நகரங்கள் பற்றி அவர் வருடக்கணக்கில் சேர்த்த படங்கள், வரைபடங்கள் எல்லாம் 'கிளான் கிராண்ட்' என்ற வேறொரு கப்பலில் வந்துகொண்டிருந்தன. அந்தக் கப்பலை ஜெர்மன் போர்க்கப்பல் மூழ்கடித்தது. எது தெரியுமா? சென்னையில் குண்டு போட்டு, தமிழில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்ட அதே எம்டன்தான்!

அவர் கலங்கி உட்காரவில்லை. நண்பர்கள் பிரிட்டனிலிருந்து புதிதாகத் திரட்டி அனுப்பிய படங்களை வைத்து, 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடத்தினார். அப்படியே மாகாணத்தின் ஊர்களைச் சுற்றினார். அவர் எழுதிய ஊர் அறிக்கைகள் 1915-ல் வெளியாயின. அதில் மதுரை, தஞ்சாவூர், காஞ்சிபுரம், கும்பகோணம் எல்லாம் உண்டு.

அன்றைய மதுரை எப்படி இருந்தது?

1911 கணக்கெடுப்புப்படி மதுரையின் மக்கள்தொகை சுமார் 1.34 லட்சம். கோட்டைச் சுவரை 1840-களிலேயே கலெக்டர் பிளாக்பர்ன் இடித்து, அகழியைத் தூர்த்து, வெளி வீதிகளை உருவாக்கியிருந்தார். அவர் நினைவாக நிற்பதுதான் விளக்குத்தூண். ரயில் வந்தாச்சு, ஹார்வி மில் வந்தாச்சு, பெரியாறு தண்ணீரும் வந்தாச்சு. பிழைக்க வந்த ஜனங்கள் எங்கே தங்குவது? பழைய தெருக்களுக்குப் பின்னால் இருந்த சந்துகளும் வைகைக் கரைப் பள்ளங்களும்தான் வழி.

காலரா, பிளேக் என்றால் அந்தக் காலத்து இந்திய நகராட்சிகளுக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். நெரிசலான பகுதியை இடி, நேராக அகலத் தெரு போடு. கெடிஸ் எதிர்த்தது இதைத்தான். வீட்டை இழந்த ஏழை எங்கே போவார்? பக்கத்துச் சந்தில் ஏற்கனவே இருக்கிற கூட்டத்தோடு போய் ஒண்டுவார். தெரு அழகாகிடும், நோய் மட்டும் அடுத்த தெருவுக்குக் குடிபோகும். இது அவருடைய வாதம்.

அவர் சொன்ன மாற்று, உறுப்பைக் காப்பாற்றுகிற அறுவை சிகிச்சை மாதிரி. முதலில் வீடு வீடாகப் பார். இடிந்து கிடப்பதை மட்டும் எடு. காலி மனையைத் திறந்த வெளியாக்கு, மரம் வை. ஒவ்வொரு வீட்டுக்கும் காற்று வந்தால் போதும். தஞ்சாவூர் கோட்டைப் பகுதிக்கு இப்படி ஒரு திட்டம் போட்டுக் காட்டினார். கட்டம் கட்டமாகத் தெரு போடும் திட்டத்தோடு ஒப்பிட்டால் செலவு சுமார் ஆறில் ஒரு பங்குதான் என்று கணக்கும் கொடுத்தார்.

குளங்கள் விஷயத்திலும் அவர் தனிக்கட்சி. கொசு, மலேரியா என்று சொல்லிக் குளத்தை மூடப் பார்த்தார்கள் அதிகாரிகள். மீனும் வாத்தும் விட்டால் புழுவைத் தின்றுவிடும், குளத்தை விட்டுவிடுங்கள் என்றார் கெடிஸ். கண்மாய்கள் கட்டடங்களாகிப்போன மதுரைக்காரர்களுக்கு இது சுருக்கென்று தைக்கும்.

கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக அமைந்த தென்னிந்திய ஊர்களை அவர் வெகுவாக ரசித்தார். தேர் ஓட வேண்டும் என்பதற்காகவே வீதி அகலமாக, ஆக்கிரமிப்பு இல்லாமல் இருந்தது அவருக்குப் பிடித்துப்போனது. ஆனால் இந்த ரசனையில் ஒரு ஓட்டையும் உண்டு. நடுவில் இருந்த அந்த மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைய 1939 ஜூலை 8 வரை, வைத்தியநாத ஐயர் தலைமையிலான ஆலய நுழைவு வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. யார் மேட்டில் இருந்தார்கள், யாரைப் பள்ளத்தில் வைத்தார்கள் என்பதைச் சாதி தீர்மானித்த நாட்டில், வெறும் தெரு அமைப்பை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும்.

தீபாவளிக்கு எரிந்த எலி

சாதி அவர் கண்ணில் படவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1917-ல் இந்தூரில் பிளேக் பயம். அங்கே ஒரு நாள் மகாராஜா மாதிரி அதிகாரம் வாங்கிக்கொண்டு கெடிஸ் தீபாவளி ஊர்வலம் ஒன்றை நடத்தினார். எந்தப் பகுதி நன்றாகச் சுத்தமாகிறதோ அந்த வழியாகத்தான் ஊர்வலம் வரும் என்று அறிவித்ததும், ஊரே குப்பையை அள்ள ஆரம்பித்தது. ஊர்வலத்தில் பிளேக்கின் அடையாளமாகப் பெரிய எலி பொம்மை வந்தது. கூடவே துப்புரவுத் தொழிலாளர்கள், புது வெள்ளை உடையும் மாலையுமாக, நகரம் மரியாதை செய்ய நடந்துவந்தார்கள். கடைசியில் எலியை எரித்தார்கள்.

வெளியே இப்படிக் கொண்டாட்டம். ஆனால் அதே 1917 அவர் வாழ்க்கையின் மிக மோசமான வருஷம். மூத்த மகன் அலஸ்டேர் ஏப்ரலில் பிரான்ஸ் போர்முனையில் பலியானார். கல்கத்தாவில் நோய்வாய்ப்பட்டுக் கிடந்த அன்னாவிடம் அந்தச் சேதியைச் சொல்ல கெடிஸுக்கு மனசு வரவில்லை. மகன் இறந்தது தெரியாமலேயே ஜூன் மாதம் அன்னாவும் கண்மூடினார்.

1919-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறையின் முதல் பேராசிரியரானார். அடுத்த வருஷம் சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் வந்தது. ஆனால் அவருடைய ஊர் அறிக்கைகளில் பெரும்பாலானவை அலமாரியிலேயே தூங்கின. அதிகாரிகளுக்கு அவரைக் கண்டால் எரிச்சல். அவரும் சும்மா இல்லை, இன்ஜினியர்களைக் காட்டமாகத்தான் விமர்சித்தார்.

உடல்நிலை சரியில்லாமல் 1924-ல் இந்தியாவை விட்டுக் கிளம்பியவர், பிரான்ஸின் மான்ட்பெல்லியேவில் ஒரு கல்லூரி கட்டிக்கொண்டு தங்கினார். 1932-ல் சர் பட்டம் வந்தது. அதே வருஷம் ஏப்ரல் 17-ல் இறந்தார். அவருடைய இந்திய அறிக்கைகளிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகள் 1947-ல், ஜாக்குலின் டிர்விட் தொகுத்து, லண்டனில் புத்தகமாக வந்தன.