கோரல் மில் வாசலில் வ.உ.சி.

வ.உ.சி. என்று சொன்னதும் உங்களுக்கு முதலில் என்ன ஞாபகம் வரும்? கப்பல். அடுத்து செக்கு. ஸ்கூல் புத்தகத்தில் நாம எல்லாரும் படித்தது இந்த ரெண்டும்தான். ஆனா இந்த ரெண்டுக்கும் நடுவில், 1908ஆம் வருஷத்தில், ஒரு ஒன்பது நாள் இருக்கு. அந்த ஒன்பது நாளும் அவர் கவனம் கடலில் இல்லை, தூத்துக்குடியில் ஒரு பஞ்சாலை வாசலில் இருந்தது. இன்னும் சில மாசத்தில் ஏதாவது ஒரு கம்பெனி கேட்டுக்குள்ள ஐடி கார்டு மாட்டிக்கிட்டு நுழையப்போற நமக்கு, கப்பலை விட அந்த மில் வாசல்தான் நெருக்கமான விஷயம்னு எனக்குத் தோணுது. அதனால அவர் வாழ்க்கையை அந்த வாசலில் இருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் மில்

நான் ஆறுமுகநேரிக்காரன். எங்க ஊரில் இருந்து தூத்துக்குடிக்கு பஸ் ஏறினால் ஆத்தூர், முக்காணி, பழையகாயல், முத்தையாபுரம் வழியாகப் போகும். ஊரைச் சுத்தி உப்பளம், பக்கத்தில் சாகுபுரம் கெமிக்கல் ஃபேக்டரி, தூத்துக்குடியை நெருங்கும்போது ஸ்பிக். இதெல்லாம் சுதந்திரத்துக்குப் பிறகு வந்த ஃபேக்டரிகள். ஆனா இந்தக் கடற்கரையில் மெஷின் சத்தம் கேட்க ஆரம்பித்தது அதுக்கு ரொம்ப முன்னாடி, 19ஆம் நூற்றாண்டிலேயே.

ஸ்காட்லாந்தில் இருந்து வந்த ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்ற அண்ணன் தம்பி ரெண்டு பேர் 1880களில் திருநெல்வேலிச் சீமையில் பஞ்சாலை தொடங்கினார்கள். முதல் மில் பாபநாசத்தில், விக்கிரமசிங்கபுரம் பக்கம். மலையில் இருந்து விழுகிற தாமிரபரணித் தண்ணியின் வேகத்தையே மில்லை ஓட்டப் பயன்படுத்தினார்கள். மெக்கானிக்கல் நண்பர்கள் ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க: கரிசல் காட்டுப் பருத்தி, ஓடுகிற தண்ணி, குறைஞ்ச கூலி. மூணும் ஒரே இடத்தில்! அடுத்தது தூத்துக்குடி. இங்கே அருவி இல்லை. ஆனா 1876லேயே ரயில் வந்துவிட்டது, துறைமுகமும் இருந்தது. இங்கே வந்த மில்லுக்கு வைத்த பேர் கோரல் மில். கோரல் என்றால் பவளம், முத்துக்குளித்துறைக்குப் பொருத்தமான பேர்தான். பிறகு மதுரையிலும் ஒரு மில். மதுரைக்காரங்க ஹார்விபட்டினு ஒரு ஏரியா சொல்வாங்க இல்லையா? அது பிற்காலத்தில் அந்த மில் தொழிலாளர்களுக்காக உருவான குடியிருப்பு. மில்லைச் சுத்தி ஊரே உருவாகும், அந்த ஊருக்கு முதலாளி பேரே வந்துவிடும்.

வக்கீல் வந்தார்

வ.உ.சிதம்பரம் பிள்ளை பிறந்தது 1872 செப்டம்பர் 5. ஊர் ஒட்டப்பிடாரம். கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி பக்கத்திலேயே இருக்கு. அப்பா உலகநாத பிள்ளை வக்கீல், அம்மா பரமாயி அம்மாள். தூத்துக்குடியில் புனித சேவியர் பள்ளியிலும் கால்டுவெல் பள்ளியிலும் படித்தார். திருச்சியில் சட்டம் படித்து, 1895இல் ஒட்டப்பிடாரத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். 1900இல் தூத்துக்குடிக்கு வந்தார். ஏழைகளின் வழக்கை எடுத்து வாதாடுகிறவர் என்று நல்ல பேர். அப்பா கொடுத்த வீடு, கை நிறைய வருமானம். அப்படியே இருந்திருந்தால் வசதியாக வாழ்ந்து முடித்திருக்கலாம்.

கப்பல் கதை உங்களுக்குத் தெரியும், அதனால சுருக்கமாகச் சொல்லிடறேன். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவில் கப்பல் விட்டுக்கொண்டிருந்தது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. அதுக்குப் போட்டியாக 1906 அக்டோபர் 16இல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. தலைவர் பாண்டித்துரைத் தேவர். ஓடி ஓடிப் பங்கு சேர்த்தது வ.உ.சி. முதலில் வாடகைக் கப்பல் கிடைத்தது, வெள்ளைக்காரக் கம்பெனி நெருக்குதல் கொடுத்ததும் அது கைவிட்டுப் போனது. சொந்தக் கப்பல் இல்லாமல் திரும்புவதில்லை என்ற முடிவோடு பம்பாய் கிளம்பினார். 1907இல் காலியா, லாவோ என்று ரெண்டு கப்பல் வந்து சேர்ந்தன.

அந்தக் காலத் தூத்துக்குடியில் கடல் ஆழம் கம்மி. பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது, பல மைல் தள்ளி நிற்கும். ஆளும் சரக்கும் படகிலும் தோணியிலும்தான் போய் ஏறணும். அப்படி இருந்தும் ஜனங்க சுதேசிக் கப்பலைத் தேடிப் போய் ஏறினார்கள். போட்டிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது, கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுத்தது என்று சொல்வார்கள். இன்றைக்கு ஆப் கம்பெனிகள் ஆஃபர் அள்ளிக் கொடுத்துப் போட்டியாளரைக் காலி பண்ணுவதைப் பார்க்கிறோமே, அதே டெக்னிக்.

ஒன்பது நாள்

இப்போ வாசலுக்கு வருவோம்.

1908 தொடக்கத்தில் சுப்பிரமணிய சிவா தூத்துக்குடிக்கு வந்தார். சிவாவும் வ.உ.சி.யும் கடற்கரையில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். அந்தக் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தவர்களில் கோரல் மில் தொழிலாளர்களும் இருந்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் வேலை பார்த்த மில். கூலி கம்மி, வேலை நேரம் நீளம், வார விடுமுறை இல்லை.

இதில் ஒரு விஷயத்தை நீங்க கவனிக்கணும். வாரத்துக்கு ஒருநாள் விடுமுறை என்பது 1891ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே வந்துவிட்டது. பதினேழு வருஷம் கழிச்சும் தூத்துக்குடியில் அதைக் கோரிக்கையாக வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. வயசுக்கு வந்த ஆண் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை பார்க்கலாம் என்பதற்கோ சட்டத்தில் வரம்பே கிடையாது. பஞ்சாலைகளுக்கு 12 மணி நேரம் என்று வரம்பு வந்ததே 1911இல்தான்.

1908 பிப்ரவரி 27ஆம் தேதி தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கேட்டது மூணு: கூலி உயர்வு, வார விடுமுறை, மற்ற லீவு வசதிகள்.

வேலைநிறுத்தம் என்பது அறிவிக்கிற நாளில் சுலபம், மூணாவது நாளில் கஷ்டம். தினக்கூலிக் குடும்பத்தில் மூணாவது நாள் அடுப்பு எரியாது. எங்க ஊர் உப்பளத்தில் மழைக்காலம் வந்தால் வேலை நின்றுபோகும். அந்த மாசங்களில் வீடுகள் எப்படி ஓடும்னு பார்த்தவங்களுக்கு இது புரியும். வ.உ.சி. செய்த முக்கியமான வேலை மேடைப் பேச்சு இல்லை, இந்த மூணாவது நாளைச் சமாளித்ததுதான். ஊரில் பணம் திரட்டித் தொழிலாளர் குடும்பங்களுக்குச் சாப்பாட்டுக்கு வழி பண்ணினார். சிலருக்கு வெளியே வேறு வேலை பிடித்துக் கொடுத்தார். ஊரும் கூட நின்றது. தொழிலாளர்களுக்கு எதிராகப் பேசிய ஒருத்தருக்கு நாவிதர் பாதிச் சவரத்தோடு கத்தியை மடக்கிவிட்டார் என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது.

மார்ச் 6ஆம் தேதி நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. ஒன்பதே நாள். வங்காளத்தில் அரவிந்தர் தன் பத்திரிகையில் இதைப் பாராட்டி எழுதினார்.

வ.உ.சி.க்கு இதில் என்ன லாபம்? அவர் மில் தொழிலாளி இல்லை. சொல்லப்போனால் அவரே ஒரு கம்பெனி நடத்துகிற ஆள். அவர் கம்பெனி டைரக்டர்கள் சிலருக்கு அவர் அரசியல் மேடை ஏறுவதே பிடிக்கவில்லை. கப்பல் கம்பெனி ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கும்போது, ஊரிலேயே பெரிய வெள்ளைக்கார முதலாளியையும் பகைத்துக்கொள்வது வியாபாரக் கணக்குப்படி முட்டாள்தனம். அது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தேதான் போய் நின்றார்.

அதுக்குக் கொடுத்த விலை

வெற்றி கிடைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பிபின் சந்திர பால் விடுதலையைக் கொண்டாட மார்ச் 9இல் ஊர்வலம் ஏற்பாடானது. கலெக்டர் விஞ்ச் தடுத்தார், வ.உ.சி. கேட்கவில்லை. மார்ச் 12இல் அவரும் சிவாவும் பத்மநாப ஐயங்காரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. நகராட்சி அலுவலகம், தபால் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் தீக்கிரையாயின. துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் செத்தார்கள்.

தூத்துக்குடியில் கடைகள் அடைக்கப்பட்டன. கோரல் மில் தொழிலாளர்கள் மறுபடியும் வெளியே வந்தார்கள். இந்த முறை கூலிக்காக இல்லை, விடுமுறைக்காக இல்லை. தங்களுக்காக நின்ற மனிதரை உள்ளே போட்டதுக்காக. திலகருக்குத் தண்டனை கொடுத்தபோது பம்பாய் மில் தொழிலாளர்கள் ஆறு நாள் வேலையை நிறுத்தியது இந்திய வரலாற்றில் பெருசாகப் பேசப்படும். அது நடந்தது ஜூலை 1908. நம்ம தூத்துக்குடியில் நடந்தது அதுக்கு நாலு மாசம் முன்னாடி. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படுகிற சென்னைத் தொழிலாளர் சங்கம் வந்ததோ 1918இல். கோரல் மில்காரர்களுக்கு அப்போ சங்கம் கிடையாது, சட்டப் பாதுகாப்பு கிடையாது. அவர்களில் பெரும்பாலானவர்களின் பேர்கூட நமக்குத் தெரியாது.

1908 ஜூலை 7இல் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். ராஜ துரோகத்துக்கு 20 வருஷம், சிவாவுக்கு உடந்தையாக இருந்ததுக்கு 20 வருஷம். வ.உ.சி.க்கு அப்போ வயசு 35. தீர்ப்பைக் கேட்ட அவர் தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குப் புத்தி பேதலித்துப்போனது, கடைசி வரை தெளியவில்லை. மேல்முறையீட்டில் தண்டனை 6 வருஷமாகக் குறைந்தது. கோவைச் சிறை, பிறகு கண்ணூர்ச் சிறை. மாடு இழுக்கவேண்டிய செக்கை அவர் இழுத்தது கோவையில். கப்பல் கம்பெனி 1911இல் மூடப்பட்டது. காலியா கப்பல் வெள்ளைக்காரக் கம்பெனிக்கே விற்கப்பட்டது.

1912 டிசம்பர் 24இல் வெளியே வந்தார். நாலு வருஷம் முன்னாடி ஒரு ஜில்லாவே யாருக்காகக் கொந்தளித்ததோ, அவரை வரவேற்க வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒருத்தர் சிவா. சிறையில் தொழுநோய் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

அதுக்குப் பிறகு 24 வருஷம்

நம்ம புத்தகங்கள் வழக்கமாக இந்த இடத்தோடு கதையை முடிச்சிடும். ஆனா மனுஷன் இன்னும் 24 வருஷம் வாழ்ந்தார். வக்கீல் சன்னது பறிபோய்விட்டது. சென்னையில் சின்னதாக வியாபாரம் பண்ணிப் பார்த்தார், தேறவில்லை. அங்கேயும் சென்னை, கோவை தொழிலாளர் சங்க வேலைகளில் சேர்ந்துகொண்டார். ஒரு தடவை மில் வாசலில் பட்டது போதும்னு ஒதுங்கவில்லை, பாருங்க. வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்குத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பேர் வைத்தார். இங்கிலீஷ்காரனை எதிர்த்துச் சிறை போனவர்தான், ஆனா நல்லது செய்த ஒரு இங்கிலீஷ்காரரை வீட்டுப் பேராகவே வைத்துக்கொண்டார்.

கோவில்பட்டியில் வக்கீல் தொழில், பிறகு 1932இல் மறுபடியும் தூத்துக்குடி. நடுவில் ஜேம்ஸ் ஆலனைத் தமிழில் மொழிபெயர்த்தார், திருக்குறளுக்கு மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார், தொல்காப்பியம் இளம்பூரணத்தில் உழைத்தார். 1936 நவம்பர் 18இல் தூத்துக்குடி காங்கிரஸ் ஆபீஸில் உயிர் பிரிந்தது. உயிலில் அவர் எழுதி வைத்ததில் பாக்கி வைத்த கடன்களின் பட்டியலும் உண்டு.

நீங்க தூத்துக்குடி போனால்

இன்றைக்கு அவர் பேர் இல்லாத இடம் இல்லை. துறைமுகத்துக்கு 2011இல் அவர் பேர் வந்தது. 1951இல் தொடங்கிய வ.உ.சி. கல்லூரி இருக்கு. ஒட்டப்பிடாரத்தில் அவர் பிறந்த வீடு நினைவில்லம். 1911இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்ற கலெக்டர் ஆஷுக்கும் அதே தூத்துக்குடியில் ஒரு நினைவு மண்டபம் இருக்கு. இதெல்லாம் பார்க்கவேண்டிய இடங்கள்தான், கட்டாயம் பாருங்க. ஆனா கோரல் மில் எங்கே இருந்ததுன்னும் ஊர்ல பெரியவங்ககிட்ட விசாரிங்க. ஆர்வி மில்னு கேட்டாலும் சொல்வாங்க.

ஏன்னா, கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் கப்பல் ஓடினது கொஞ்ச வருஷம்தான். கம்பெனி போச்சு, சொத்து போச்சு, தொழில் போச்சு. அவர் வாழ்க்கையில் எடுத்த காரியம் கேட்டபடியே முடிந்து, ஜெயித்து, உடனே பலன் தந்தது அந்த மில் வாசலில் மட்டும்தான். அதுவும் அவருக்கு இல்லை, மற்றவர்களுக்கு.

பிளேஸ்மென்ட் சீசன் வந்தாச்சு. ஆஃபர் லெட்டர் வந்தால் நாம முதலில் பார்ப்பது சிடிசி. கொஞ்சம் கீழே இறங்கினால் வேலை நேரம், வார விடுமுறை, லீவு என்று மூணு வரி இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை, ஏதோ காலங்காலமாக இருப்பது மாதிரி ஸ்க்ரோல் பண்ணிப் போய்விடுவோம். இந்தத் தடவை ஒரு நிமிஷம் நின்னு படிங்க. சட்டத்தில் எழுதியிருந்தும் பதினேழு வருஷம் கிடைக்காமல் இருந்த வரி அது. நம்ம ஊர்ப்பக்கம் பஞ்சு தூசிக்குள்ள நின்னவங்க ஒன்பது நாள் கூலியை விட்டு அதை வாங்கினாங்க. பக்கத்தில் ஒரு வக்கீல் நின்னார்.